கபிலன் எப்ப தூங்குனான்?

பொங்கல் லீவில் அச்சங்குளம் போயிருந்தப்போ, ஒரு மத்தியானம் அம்மாவோட உட்கார்ந்து ‘சார்பட்டா பரம்பரை’ பார்த்தேன். எனக்கு மூணாவது தடவை, அம்மாவுக்கு முதல் தடவை. படம் முடியப் போற நேரம். சாராயத்தில் ஊறித் தொப்பை போட்டுப்போன கபிலன் கடற்கரைக்கு வந்து பீடி ராயப்பனிடம் மறுபடி பயிற்சி எடுக்கிறான். மணலில் ஓடுகிறான், கடலோடு மல்லுக்கட்டுகிறான். பின்னணி இசை ஏற ஏறத் தொப்பை இறங்குகிறது. மூணாவது தடவையும் எனக்குப் புல்லரித்தது. அம்மா பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாங்க: “ஏப்பா, இவன் எப்ப தூங்குனான்?”

சிரித்துவிட்டேன். ஆனா அந்தக் கேள்வி சென்னை பஸ்ஸிலும் கூடவே வந்தது. அதுக்கப்புறம் ரெண்டு வாரம், வேலை முடிந்த ராத்திரிகளில் உடற்பயிற்சி உடலியல் ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தேன். நான் டாக்டர் கிடையாது, கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். அதனால் இதை மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க. ஒரு நல்ல படத்தை உடலியல் கண்ணாடி போட்டுப் பார்த்த விமர்சனம், அவ்வளவுதான். கதையை முழுசா சொல்லப் போறேன்; படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

படம் சரியாகப் பிடித்தது

முதலில் பாராட்டைச் சொல்லிடணும். பா. ரஞ்சித் இயக்கி, 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைமில் வந்த படம் இது. களம் 1970களின் வடசென்னை. சார்பட்டா, இடியப்பன்னு ரெண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலன் (ஆர்யா), வாத்தியார் ரங்கன் (பசுபதி), எதிரணி வேம்புலி (ஜான் கொக்கேன்), நடுவில் மறக்கவே முடியாத டான்சிங் ரோஸ் (ஷபீர்).

தமிழ் சினிமாவில் ஹீரோ உடம்புக்குப் பொதுவா வரலாறு கிடையாது. முதல் காட்சியில் எப்படியோ கடைசிக் காட்சியிலும் அப்படியே. இல்லைன்னா ‘பத்ரி’ (2001) மாதிரி ஒரு பாட்டுக்குள் உடம்பு உருவாகிவிடும். அந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு எங்க தலைமுறையில் மொட்டை மாடியில் செங்கல் உடைக்கப் பார்த்து கையை வீங்க வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! சார்பட்டாவில் அப்படி இல்லை. கபிலனின் உடம்பு வளருது, குலையுது, திரும்ப வருது. எமர்ஜென்சி, வாத்தியார் ஜெயிலுக்குப் போவது, சாராயத் தொழில் எல்லாம் அந்த உடம்பில் படிகிறது. உடம்பு சூழ்நிலைக்கு ஏற்ப மாறும் ஒரு பொருள் என்று ஒப்புக்கொள்கிற தமிழ்ப் படங்கள் ரொம்பக் குறைவு. உடலியலின் அடிப்படைப் பாடமும் அதேதான்: நீங்க எதை அடிக்கடி கேக்குறீங்களோ, அதுக்குத் தக்கபடி உடம்பு தன்னை மாத்திக்கும். கேக்குறதை நிறுத்தினா திருப்பி எடுத்துக்கும்.

மூட்டை தூக்கியவன் கை

என் முதல் சண்டை முதல் பாதியோடு. சின்ன வயசிலிருந்து பாக்ஸிங்கை வேடிக்கை மட்டுமே பார்த்தவன் கபிலன். அம்மா பாக்கியத்துக்குப் பயந்து கிளவுஸ் மாட்டாதவன். அவன் ஒருநாள் இறங்கி, முறையாகப் பயின்ற ராமனை அடித்துச் சாய்க்கிறான். நாம ஏன் அதை நம்புறோம்? அவன் மூட்டை தூக்குகிறவன் என்பதால். “வேலை செஞ்சு உரமேறின உடம்புய்யா” என்கிற நம்பிக்கை நமக்குள் ஆழமா இருக்கு. ரங்கன் வாத்தியாருக்கே அது இருக்குன்னு தோணுது.

மூட்டை தூக்குவதால் உடம்பு மாறும், சந்தேகமில்லை. பிடி இறுகும், முதுகும் தொடையும் பலப்படும். அந்தப் பாரத்தைத் தாங்கி எலும்பும் தடிக்கும்; எலும்பு சுமைக்கேற்ப வடிவம் மாறும் என்று ஜெர்மன் டாக்டர் ஜூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதிவிட்டார். ஆனா உடம்பு பழகுவது செய்த வேலைக்கு மட்டும்தான். மூட்டை தூக்குவது மெதுவான, பாரமான, ஒரே தடத்தில் போகும் அசைவு. குத்துச்சண்டையில் ஒரு ரவுண்டுக்குள் நூறு முடிவு எடுக்கணும், ஒவ்வொன்றுக்கும் கால் முதல் தோள் வரை ஒரு நொடியின் சின்னப் பங்கில் ஒத்துழைக்கணும், அதே நேரம் மூச்சு வாங்காமல் இருக்கணும். முதல் ரவுண்டு முடிவதற்குள் புது ஆளுக்குக் கை தூக்கவே வராது என்று பாக்ஸிங் பழகுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதில் ஒரு சுவாரசியமான விஷயம். பயிற்சி ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பின் வேலை. 1979ல் மொரிட்டானி, டிவிரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வாரப் பயிற்சியை அளந்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் தசை பெருக்கவில்லை. இருக்கிற தசையை மூளை இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. மூன்று முதல் ஐந்து வாரம் தாண்டித்தான் தசை வளர்ச்சி முன்னால் வருகிறது. அதாவது முதலில் மாறுவது கேமராவில் தெரியாது. இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னால் திரும்ப வருவேன்.

தொப்பை

இரண்டாம் பாதியில் கபிலன் குலைவதுதான் படத்தின் ரொம்ப நேர்மையான பகுதி. உடம்பை விட்டால் எவ்வளவு சீக்கிரம் போகும் என்று நமக்குச் சரியான அளவு தெரியாது. எட்வர்ட் கொய்ல் குழு 1984ல் பல வருஷம் ஓடியும் சைக்கிள் மிதித்தும் பழகினவர்களை 84 நாள் பயிற்சியை நிறுத்த வைத்தது. உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது ஓர் அளவு. சுருக்கமாகச் சொன்னால் எஞ்சின் சைஸ். முதல் மூன்று வாரத்திலேயே அது சுமார் 7 சதவீதம் இறங்கியது. முடிவில் 16 சதவீதம்.

அதைவிடப் பயமுறுத்துவது டல்லஸில் 1966ல் நடந்த சோதனை. ஆரோக்கியமான ஐந்து மாணவர்களை 20 நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். 30 வருஷம் கழித்து, 1996ல், அதே ஐந்து பேரைக் கூப்பிட்டு அளந்தார்கள். 30 வருஷ வயசு செய்த சேதத்தைவிட அந்த 20 நாள் படுக்கை செய்த சேதம் அதிகம்.

கபிலனின் தொப்பையைக் காட்டிய அளவுக்கு அவன் மூச்சைப் படம் காட்டவில்லை. ஆனா காட்டியவரைக்கும் சரி. வழக்கமான ஹீரோ சோகத்தில் தாடி மட்டும்தான் வளர்ப்பார்.

கடல்

அப்புறம் கடல். குடித்துக் கெட்ட ஒருவன் கொஞ்ச நாளில் திரும்பி வந்து வேம்புலியைச் சாய்ப்பது நம்பும்படி இருக்கா? முதல் தடவை பார்த்தப்போ ‘இது சினிமா’ன்னு விட்டுட்டேன். ஆய்வுகளைப் படித்த பிறகு, நான் நினைத்ததைவிட ரஞ்சித் பக்கம் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன்.

தசைநார் ஒவ்வொன்றிலும் பல உட்கருக்கள் இருக்கும். தசையைப் பெருக்கினால் புது உட்கருக்கள் வந்து சேரும். தசை மெலிந்தாலும் அவை போவதில்லை என்று நார்வேயின் குண்டர்சென் குழு 2010ல் எலிகளில் காட்டியது. ஒரு தடவை கட்டிய வீடு இடிந்தாலும் அஸ்திவாரம் நிற்கிற மாதிரி. மனிதனில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்னும் வாக்குவாதம் உண்டு. ஆனா பழைய உடம்பைத் திரும்பப் பெறுவது புதுசாகக் கட்டுவதைவிட வேகமாக நடக்கும் என்பது அனுபவத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொய்ல் ஆய்விலும், 84 நாள் சும்மா இருந்த பிறகும் தசைக்குள் வளர்ந்திருந்த நுண் ரத்தக்குழாய்கள் குறையவில்லை. கபிலன் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவில்லை.

கடலும் மணலும்கூட நல்ல தேர்வு. மணல் காலை உள்வாங்கும், ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் உழைப்பு கேட்கும், ஆனா மூட்டில் அடி குறைவு. கூடியிருக்கும் எடையோடு தார் ரோட்டில் ஓடியிருந்தால் முழங்கால் போயிருக்கும். ராயப்பனுக்கு இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை. படம் அந்த அறிவை மதித்துக் காட்டியது பெரிய விஷயம்.

விட்டுப்போன காட்சி

இங்கேதான் அம்மா கேள்வி வந்து நிற்குது. அந்தப் பயிற்சிக் காட்சிகளில் உழைப்பு இருக்கு, வியர்வை இருக்கு, வெயில் இருக்கு. ஓய்வு என்று மனசில் நிற்கிற ஒரு ஷாட் எனக்கு நினைவில்லை. இது சார்பட்டாவின் தப்பு மட்டும் இல்லை, உலகம் பூரா பயிற்சி மாண்டேஜ்கள் இப்படித்தான். தூக்கத்தை வைத்து யாரும் பாட்டு எடுக்க மாட்டார்கள்.

ஆனா உடலியலில் கதை தலைகீழ். ஓடும்போதும் குத்தும்போதும் உடம்பு பலப்படுவதில்லை, பலவீனப்படுகிறது. தசையில் நுண்ணிய சேதம், சக்திச் சேமிப்பு காலி, நரம்பு களைப்பு. பலப்படுவது அப்புறம்தான். ஒரு பாரப் பயிற்சிக்குப் பிறகு தசையில் புரதம் கட்டும் வேலை 24 முதல் 48 மணி நேரம் வரை கூடுதலாக ஓடுகிறது. வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலை ஆழ்ந்த தூக்கத்தில் வருகிறது. தசைக்குள் இருக்கும் சக்தி நிலையங்களான மைட்டோகாண்ட்ரியா பெருக வாரக்கணக்கில் ஆகும். ஜான் ஹோலோசி 1967ல் எலிகளை 12 வாரம் ஓடவிட்டு அவற்றின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பானதைக் காட்டினார். எலும்பு தன் ஒரு பகுதியைக் கரைத்துத் திரும்பக் கட்டும் ஒரு சுற்றுக்கு மட்டும் மூணு நாலு மாசம்.

என் தொழில் பாஷையில் சொன்னா, பயிற்சி என்பது ரிக்வெஸ்ட் மட்டும். வேலை நடப்பது இரவில் ஓடும் பேட்ச் ஜாபில். அதுக்கு நேரமும் சோறும் கொடுக்கலைன்னா ரிக்வெஸ்ட் குவிந்துகிட்டே போகும், ஒருநாள் சிஸ்டம் படுத்துடும்.

வேடிக்கை என்னன்னா, இந்த உண்மை திரைக்குப் பின்னால் எல்லாருக்கும் தெரியும். அந்த உடம்புக்காக ஆர்யா மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். நடிகருக்குப் பயிற்சியும் சாப்பாடும் தூக்கமும் சேர்ந்ததுதான் வேலை. கபிலனுக்கோ ஒரு மாண்டேஜ் போதும். நாம திரையில் பார்த்து நம்புவது கபிலனின் கணக்கை, ஆர்யாவின் கணக்கை இல்லை.

பயர் ஆபீஸ் உடம்பு

“ஒரு படத்துக்கு ஏன்யா இவ்வளவு?” என்று கேட்கலாம். அச்சங்குளம் என்றால் வெளியூர்க்காரங்களுக்கு 2021 பிப்ரவரி 12ல் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துதான் ஞாபகம் வரும். இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாதிரிச் சாவு செய்தியாகும். பயர் ஆபீஸ் வேலை உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது செய்தியாகாது.

அம்மா 22 வருஷம் பயர் ஆபீஸ் போனவங்க. காலையில் வேன் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திரி வைப்பது, சரம் பின்னுவது. எண்ணிக்கைக்குத்தான் கூலி, அதனால் எந்திரிக்க மனசு வராது. வீட்டுக்கு வந்தா தண்ணி, அடுப்பு, துணி. இன்னைக்கு முழங்கால் மடங்காது, சுகரும் வந்துடுச்சு. டாக்டர் “தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்கம்மா” என்றார். அம்மா வீட்டுக்கு வந்து, “நாள் பூரா வேலை செஞ்ச உடம்பு, இதுக்கு மேல என்னப்பா வாக்கிங்கு” என்றாங்க. நானும் அப்போ தலையாட்டினேன். கபிலன் மூட்டை தூக்கியதால் பாக்ஸர் ஆனான் என்று நம்புகிற அதே மண்டைதானே எனக்கும்.

உழைப்பு உடம்பைக் காக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஜெர்ரி மோரிஸ் 1953ல் லண்டன் மாடி பஸ்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. உடலுழைப்பையும் இதய நோயையும் இணைத்துப் பார்த்த ஆய்வுகளில் அது ஒரு முக்கியமான ஆரம்பம். அப்புறம் மோரிஸே தன் முடிவை நோண்டிப் பார்த்தார்: 1956ல் யூனிபார்ம் கால்சட்டை அளவுகளை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்பு இள வயதிலேயே பெரிசு. ஆக, வித்தியாசம் முழுக்க மாடிப்படியால் வந்தது இல்லை. தன் ஆய்வைத் தானே சந்தேகப்பட்ட அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எதிர்ப்பக்கம் டென்மார்க். ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு 2021ல் கோபன்ஹேகனில் 1,04,046 பேரின் விவரங்களைப் பார்த்தது. ஓய்வு நேரத்தில் நிறைய உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சாவு ஆபத்து சுமார் 40 சதவீதம் குறைவு. வேலையில் ரொம்பக் கடுமையா உழைத்தவர்களுக்கு 27 சதவீதம் அதிகம். அசைவு ஒன்றுதான், பலன் எதிரெதிர். அவர்கள் சொல்லும் காரணங்கள்: வேலையில் உழைப்பு நீளும், ஆனா இதயத்தைப் பழக்கும் அளவுக்கு வேகம் எடுக்காது, பாரமும் அசையாத இருப்பும் ரத்த அழுத்தத்தை நாள் முழுக்க ஏற்றியே வைக்கும், எப்போ நிறுத்துவது என்பது தொழிலாளி கையில் இல்லை, ஓய்வு போதாது. அதே வருஷம் வந்த நார்வே ஆய்வு ஒன்றில் உழைக்கும் ஆண்கள் கூடுதலாக வாழ்ந்ததாக முடிவு வந்தது. ஆக, வழக்கு முடியலை. வேலைக்காரன் ஏழையாக இருப்பதையும் அவன் உழைப்பையும் பிரித்து எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

நம்ம ஊர் ஆய்வுக்கு வருவோம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர். சர்க்கரை எல்லையில் நின்றவர்கள். மூன்று வருஷத்தில், சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாடும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். கவனிக்க வேண்டியது, அவர்கள் உடல் எடை குறையவே இல்லை. முன்னாடி சொன்னேனே, கேமராவில் தெரியாத மாற்றம், அது இதுதான். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். தொப்பை அப்படியே இருந்தாலும் இது நடக்கும். தொப்பை குறைவதை மட்டுமே வெற்றியாகக் காட்டும் சினிமா, பத்து நாள் நடந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து விட்டுவிடும் நம்மை உருவாக்கியிருக்கு.

அதே ஆய்வில் எனக்கு உறுத்தும் இடமும் ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவர்களைத் தினம் 30 நிமிஷம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பு செய்பவர்களை, செய்வதையே தொடரச் சொன்னார்கள். ஆய்வுக்கு அது நியாயமான ஏற்பாடு. ஆனா உழைப்பும் பயிற்சியும் ஒரே கட்டத்தில் டிக் ஆகிவிடுகிறது. 2014ல் வந்த, தமிழ்நாட்டையும் சேர்த்து எடுத்த ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பில், பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் 10 சதவீதத்துக்கும் கீழே. மிச்சப் பேரில் பலருக்கு அசைவு என்றாலே வேலைதான்.

அம்மா எந்தக் கட்டத்தில் வருவாங்க? வேலை செய்பவர்தான். ஆனா அந்த வேலையில் இதயம் ஒருநாளும் வேகமாகத் துடித்ததில்லை. முழங்கால் மடங்கியே கிடந்தது, கழுத்தும் தோளும் ஒரே இருப்பில் இறுகின. பயிற்சியே இல்லாத களைப்பு மட்டும் 22 வருஷம். டாக்டர் சொன்னது பாதி சரி, அம்மா சொன்னதும் பாதி சரி. நடக்கச் சொன்னவர், எந்த நேரத்தில் யார் அடுப்பைப் பார்ப்பது என்று கேட்கவில்லை.

இந்த இடத்திலிருந்து படத்தைத் திரும்பப் பார்த்தால் மாரியம்மாள் (துஷாரா விஜயன்) தெரிகிறாள். கபிலன் கெட்டபோதும் சரி, திரும்பி வந்தபோதும் சரி, வீடும் குழந்தையும் அவள் கையில். படம் அவளுக்குக் கோபம் கொடுத்தது, வசனம் கொடுத்தது, அதுவே தமிழ் சினிமாவில் பெரிசு. ஆனா கபிலனின் உடம்பு திரும்பி வந்ததில் அவள் பங்கு எவ்வளவு என்று மாண்டேஜ் சொல்வதில்லை. அவன் ஓடுவதற்கான நேரத்தையும் தூங்குவதற்கான நேரத்தையும் யாரோ தங்கள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கணும். மூட்டை தூக்குகிறவன் பாக்ஸராக முதலில் மூட்டையை இறக்கி வைக்கணும். இறக்கினால் அன்றைக்குக் கூலி? படம் தாண்டிப் போகும் கேள்வி அதுதான். உழைக்கிற உடம்பைக் கொண்டாட வந்த படம், அந்த உடம்புக்கு என்ன கிடைக்காமல் போகிறது என்பதைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கும்.

அம்மாவுக்கு இப்போ சின்ன ஏற்பாடு ஒன்று. டாக்டரிடம் கேட்டுவிட்டு, சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, முடிந்தால் ரெண்டு சுற்று. தொடை பலப்பட்டால் முழங்காலுக்குச் சுமை குறையும். மத்தியானம் கட்டாயம் படுக்கணும் என்பதும் பட்டியலில் உண்டு. போன வாரம் போனில் கேட்டேன். “பத்து தடவ எந்திரிச்சேன்ப்பா, நேத்து பன்னெண்டு” என்று பெருமையாகச் சொன்னாங்க. மத்தியானம் படுத்தீங்களா என்றேன். “ம்… கொஞ்ச நேரம்” என்றாங்க, குரலை இறக்கி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி.